பழைய பிக்அப் வண்டிக்கு வலுக் கூட்டுதல்: எதை முதலில் செய்வது?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கு ஒரு சிறிய சரக்கு வண்டிதான் சோறு போடுகிறது. மெஸ் நடத்துபவர், இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுபவர், பூ வியாபாரி, கல்யாணச் சமையல் பாத்திரங்களை ஏற்றிச் செல்பவர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு பெரிய பட்டியலே வரும். புதிய வண்டி வாங்க வசதி இல்லாதபோது, இருக்கிற பழைய வண்டிக்கே இன்னும் கொஞ்சம் வலு ஏற்ற முடியுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்தக் கேள்விக்கு முறையாக விடை காண்பதே இந்தப் பாடத்தின் நோக்கம். பொறியியல் படிக்காதவர்களும் பின்தொடரும்படி எழுத முயன்றிருக்கிறேன். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

சென்ற மழைக்காலம் முடிந்த சமயம் நம் உறுப்பினர் ஒருவரின் மகன் என் வீட்டுக்கு வந்தான். அவனுடையது பதினான்கு வயதான பிக்அப். டர்போ இல்லாத, நான்கு சிலிண்டர், 2523 சி.சி. டி.ஐ. டீசல் எஞ்சின். மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. புனேயிலிருந்து வாயி வழியாகப் பஞ்ச்கணிக்குச் சமையல் சாமான் கொண்டுபோவது அவன் தொழில். "மாமா, பசர்ணி காட்டில் ஏறவே மாட்டேன் என்கிறது. இரண்டாம் கியர், இருபது கிலோமீட்டர் வேகம், அவ்வளவுதான். மிஸ்திரி நாற்பத்தைந்தாயிரம் கேட்கிறார். டர்போ, பெரிய சைலன்சர் குழாய், திறந்த ஏர் ஃபில்டர் மாட்டி, பம்பையும் ஏற்றித் தருகிறேன் என்கிறார். போடட்டுமா?" என்றான்.

பணம் எங்கே என்று கேட்டேன். தங்கையின் டிப்ளமா படிப்புக்கு அம்மா சீட்டுக் கட்டி எடுத்த பணம். ஜூன் மாதம் அதைத் திரும்ப வைத்துவிடுவதாகச் சொன்னான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவர் இதே போன்ற கேள்வியைத் தொலைபேசியில் கேட்டார். "பம்பில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் வலு கூடும் என்கிறார்கள், அண்ணா" என்றார். நான் வண்டியைப் பார்க்கவும் இல்லை, ஒரு கேள்வி கேட்கவும் இல்லை. "கொஞ்சம் திருப்பினால் ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். வண்டி இரண்டு மாதம் பிரமாதமாக ஓடியது. மூன்றாம் மாதம் கோடை வெயிலில் முழுச் சுமையுடன் ஒரு மலைப்பாதையில் மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் உருகி, லைனரோடு ஒட்டிக்கொண்டது. அவர் வண்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு வேறு ஒருவரிடம் ஓட்டுநராகச் சேர்ந்தார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

1. வலு என்பது காற்று

எஞ்சினுக்கு வலு டீசலிலிருந்து வருகிறது என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. டீசல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று தேவை. ஆனால் டீசல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் சீராகக் கலக்க நேரம் மிகக் குறைவு. ஆகவே புகையின்றி எரிய நடைமுறையில் 20 கிலோ காற்று என்று வைத்துக்கொள்வது நல்லது. அதற்குக் கீழே போகப் போகக் கரும்புகை வரும். கரும்புகை என்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல், எரியாமல் கரியாக வெளியே போவது.

பெட்ரோல் எஞ்சினில் முடுக்கியை மிதித்தால் காற்றின் வழி திறக்கிறது. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சினில் பெரும்பாலும் காற்று வழி எப்போதும் திறந்தே இருக்கும். முடுக்கி கூட்டுவதும் குறைப்பதும் டீசலின் அளவைத்தான். எனவே டீசலைக் கூட்டுவது சுலபம், ஒரு திருப்புளி போதும். காற்றைக் கூட்டுவதுதான் கடினம். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

2. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மேலே சொன்ன 2523 சி.சி. எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 88.9 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 101.6 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 630.7 சி.சி. நான்கால் பெருக்கினால் 2523.

நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்று உள்ளே இழுக்கப்படும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 1500 முறை. அதாவது நிமிடத்துக்கு 3784 லிட்டர். வால்வு, குழாய், ஃபில்டர் ஆகியவற்றின் தடையால் இதில் 85 சதவீதம்தான் உள்ளே போகிறது என்று கொண்டால் 3216 லிட்டர், அதாவது 3.2 கன மீட்டர். புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம். அங்கே 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.09 கிலோ. ஆக, எஞ்சின் நிமிடத்துக்கு 3.5 கிலோ காற்றை விழுங்குகிறது.

இருபதால் வகுத்தால், இந்தக் காற்றில் நிமிடத்துக்கு 0.175 கிலோ, மணிக்கு 10.5 கிலோ டீசலைப் புகையின்றி எரிக்கலாம். இவ்வகை எஞ்சின் ஒரு கிலோவாட் வலுவை ஒரு மணி நேரம் தர ஏறத்தாழ 250 கிராம் டீசல் எடுக்கும். 10.5 கிலோவை 0.25 ஆல் வகுத்தால் 42 கிலோவாட், அதாவது சுமார் 57 குதிரைசக்தி.

இதுதான் அந்த எஞ்சினின் நியாயமான எல்லை. காற்றைக் கூட்டாமல் இதற்கு மேல் கேட்பது, சம்பளம் கூடாமல் செலவைக் கூட்டுவது போல. சில நாள் நடக்கும், பிறகு கடன்காரன் வருவான்.

இயற்கையும் இந்த எல்லையைக் கூட்டிக் குறைக்கிறது. 15 டிகிரி குளிரில் உள்ள காற்றைவிட 40 டிகிரி வெயிலில் உள்ள காற்று 8 சதவீதம் லேசானது. புனேயிலிருந்து 1350 மீட்டர் உயரத்துக்கு ஏறினால், அதே வெப்பநிலையில், காற்று இன்னும் 9 சதவீதம் மெலிகிறது. மே மாதத்தில் மலை ஏறும்போது வண்டி சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அது நோய் அல்ல.

3. ஷெட்டில் கற்ற பாடம்

எஞ்சினுக்கு வலுக் கூட்டுவது தவறான காரியம் அல்ல. ரயில்வேயிலேயே அது நடந்தது. 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து டபிள்யூ.டி.எம்.2 வகை எஞ்சின்கள் நம் நாட்டுக்கு வந்தன. 1964 முதல் வாரணாசியில் டீசல் லோகோமோடிவ் ஒர்க்ஸ் அவற்றை உருவாக்கத் தொடங்கியது. 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி. 1990-களில் இதே குடும்பத்து எஞ்சினை 3100 குதிரைசக்திக்கு உயர்த்தினார்கள். டபிள்யூ.டி.எம்.3ஏ என்று பிற்பாடு பெயர் பெற்றது அதுதான். பல பழைய எஞ்சின்கள் பட்டியாலா தொழிற்சாலையில் இவ்வாறு மாற்றிக் கட்டப்பட்டன.

சிலிண்டர் விட்டம் 9 அங்குலம், ஓட்டம் பத்தரை அங்குலம். அவற்றில் மாற்றமில்லை. பிறகு 500 குதிரைசக்தி எங்கிருந்து வந்தது? அதிகத் திறனுள்ள டர்போ போட்டார்கள். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர் கூலரைப் பெரிதாக்கினார்கள். வால்வுகள் திறந்திருக்கும் நேரத்தை மாற்றிய புதிய கேம் ஷாஃப்ட் வைத்தார்கள். எரிபொருள் பம்பின் பிளஞ்சரை 15 மில்லிமீட்டரிலிருந்து 17 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். சூட்டைத் தாங்க எஃகுத் தலை வைத்த பிஸ்டன் போட்டார்கள்.

காற்று, காற்றின் குளிர்ச்சி, டீசல், சூட்டைத் தாங்கும் பாகம் ஆகிய நான்கும் சேர்ந்தே போயிருப்பதைக் கவனியுங்கள். கூடுதல் வலுவோ ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கே இத்தனை மாற்றம். என் நண்பருக்கு நான் சொன்ன யோசனையில் நான்கில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் ஆபத்தான ஒன்று.

4. பலவீனமா, நோயா?

ஒருவர் மாடி ஏற மூச்சு வாங்குகிறார் என்றால் உடனே டானிக் வாங்கித் தருவோமா? முதலில் அவருக்கு என்ன என்று பார்ப்போம். வண்டிக்கும் அப்படித்தான். பழைய வண்டி புதிதாக இருந்தபோது ஏறிய மலையில் இப்போது ஏறவில்லை என்றால், அது வலுக் குறைந்த வண்டி அல்ல, வலுவை இழந்த வண்டி. கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள். செலவு குறைந்தது முதலில்.

முதலாவது, சுமை. வண்டியை எடைமேடையில் ஏற்றி நிறுத்துங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, பிடிப்பு. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திய பின், நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே எச்சரிக்கையாகக் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் விடவில்லை. டயரில் காற்று குறைவும் இதே போல் வலுவைத் தின்னும்.

மூன்றாவது, காற்று ஃபில்டர். கரும்புகைக்குப் பாதிக் காரணம் இதுதான். ஃபில்டரைத் தட்டித் தட்டியே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் உள்பக்கமாக உரிந்து வழியை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காவது, டீசல் ஃபில்டரும் டேங்க்கிலிருந்து வரும் குழாயும்.

ஐந்தாவது, டேப்பட் இடைவெளி. தயாரிப்பாளர் சொன்ன அளவில் வைக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் வால்வு முழுவதும் மூடாது. அழுத்தம் கசியும்.

ஆறாவது, நாசில்கள். சோதனை பம்பில் மாட்டிப் பார்த்தால் டீசல் பனிபோல் சிதற வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டும் நாசில் பிஸ்டனின் தலையில் ஊதுவிளக்கு வைப்பது போல.

ஏழாவது, பம்ப் டைமிங்கும் அழுத்தமும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளவியால் பாருங்கள். நான்குக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே வேலை இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை தள்ளிக்கொண்டு வந்தால் பட்டறையில் அதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள். ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். அப்படிப்பட்ட எஞ்சினில் எந்த வலுக்கூட்டும் பாகத்தையும் மாட்டாதீர்கள்.

புகையின் நிறமும் பேசும். கருமை என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பின்னும் வெண்மை நின்றால், டீசல் எரியாமல் போகிறது அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது.

5. கடையில் கிடைக்கும் வலுக்கள்

வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது, இன்னும் வலு வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திறந்த ஏர் ஃபில்டர்: சுத்தமான பழைய ஃபில்டரே எஞ்சினுக்கு வேண்டிய காற்றைத் தரும்படிதான் அமைத்திருக்கிறார்கள். எனவே லாபம் மிகச் சிறிது. ஆனால் திறந்த ஃபில்டர் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். நம் ஊர்த் தூசியில் நுண்மணல் உள்ளே போனால் ரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும். சத்தம் கூடுவதை வலு கூடியதாக நினைப்பது பலருக்கும் வரும் மயக்கம்.

பெரிய சைலன்சர் குழாய்: டர்போ இல்லாத பழைய எஞ்சினில், பழைய குழாய் நசுங்கியோ கரி அடைத்தோ இருந்தால் அதை மாற்றுவதில் பலன் உண்டு. நன்றாக இருக்கும் குழாயைப் பெரிதாக்குவதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பம்ப் ஸ்க்ரூ: காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டுவது. முதல் நாள் இழுவை கூடியதாகத் தெரியும். கூடவே புகை, கூடவே சூடு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் செய்யும் கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். சமதரையில் சில விநாடி முழு மிதியில் ஓடுவதற்கும், மலையில் இருபது நிமிடம் முழு மிதியில் ஓடுவதற்கும் வேறுபாடு இங்கேதான்.

டர்போ: இது உண்மையான வலு. புகைபோக்கிக் காற்றின் வேகத்தில் சுழன்று, உள்ளே போகும் காற்றை அழுத்துகிறது. ஆனால் இதிலும் கணக்கு உண்டு. 35 டிகிரிக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், சாதாரணத் திறனுள்ள டர்போவில் அது 93 டிகிரி வரை சூடாகும். சூடான காற்று விரிவதால் கிடைக்கும் லாபம் ஒன்றரை மடங்கு அல்ல, 1.26 மடங்குதான். இன்டர்கூலர் வைத்து அதை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் 1.43 மடங்கு. அதாவது இன்டர்கூலர் இல்லாத டர்போ பாதி வேலைதான் செய்கிறது, சூட்டை மட்டும் முழுவதும் கொடுக்கிறது.

மேலும், டர்போவுக்கென்றே பிறந்த எஞ்சினில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் குழாய், வலுவான ஹெட் கேஸ்கட், பெரிய ரேடியேட்டர், அதற்கேற்ற பம்ப் அமைப்பு ஆகியவை இருக்கும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதற்குச் சுத்தமான ஆயில் தடையின்றி வேண்டும். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினின் ஆயில் பம்பை நம்பி இதை மாட்டுவது சரியல்ல.

கேம் ஷாஃப்ட் மாற்றுதல், ஹெட்டில் வழிகளைச் செதுக்குதல்: பந்தய வண்டிக்காரர்களின் வேலை. வலுவை அதிகச் சுற்றுக்குத் தள்ளும். சரக்கு வண்டிக்கு வேண்டியது குறைந்த சுற்றில் இழுவை. நமக்கு உதவாது.

டிஃபரென்ஷியல் விகிதம்: இதை யாரும் சொல்வதில்லை. அதே வண்டி மாதிரியில் வேறு விகிதமுள்ள கிரௌன் பினியன் தயாரிப்பாளரால் தரப்பட்டிருந்தால், எஞ்சினைத் தொடாமலே சக்கரத்தில் இழுவையைக் கூட்டலாம். பதிலுக்குச் சமதரையில் வேகம் குறையும். பெரும்பாலும் மலையில் ஓடுபவருக்கு ஏற்றது.

6. மலை ஏறும் கணக்கு

இப்போது நம் தம்பியின் வண்டிக்கு வருவோம். எடைமேடையில் நிறுத்தியபோது 3400 கிலோ. புத்தகத்தில் இருந்தது 2800 கிலோ. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் பாதை என்று வைத்துக்கொள்வோம். 3400 கிலோ வண்டியை அதில் இழுக்க, சரிவுக்கும் டயர் உருளும் தடைக்கும் சேர்த்து சுமார் 2500 நியூட்டன் விசை வேண்டும். 20 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 5.56 மீட்டர். பெருக்கினால் 13.9 கிலோவாட். கியர், டிஃபரென்ஷியல் இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் தர வேண்டியது சுமார் 16 கிலோவாட்.

மலையில் காற்று மெலிந்தும் அந்த எஞ்சின் தரக்கூடியது 38 கிலோவாட். அது முழுச் சுற்றில் கிடைப்பது என்பதையும், இரண்டாம் கியரில் சுற்று சற்றுக் குறைவு என்பதையும் ஒப்புக்கொண்டாலும், மிதியை முழுக்க மிதித்து 16 கிலோவாட்தான் வருகிறது என்றால் பாதி வலு எங்கோ காணாமல் போகிறது. "தம்பி, உன் வீட்டில் தண்ணீர் பற்றாக்குறை இல்லை, குழாய் ஒழுகுகிறது. ஒழுகலை அடைக்காமல் மோட்டார் வாங்கப் போகிறாய்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பட்டறையில் இருந்தோம். ஃபில்டர் அடைத்து, ரப்பர் குழாய் உள்ளே உரிந்திருந்தது. ஒரு நாசில் சொட்டியது. இன்னொன்று பரவாயில்லை ரகம். இரண்டு வால்வுகளில் இடைவெளியே இல்லை. இடது பின் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தது. நல்ல வேளையாக, வால்வு இடைவெளியைச் சரி செய்த பின் நான்கு சிலிண்டரின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் வந்தன. உள்ளே திறக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு நாசில் முனைகளையும் மாற்றி, பின் பிரேக் இரண்டையும் புதுப்பித்து, ஆயிலும் ஃபில்டர்களும் போட்டு, மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் ஆயிற்று. மிஸ்திரி நல்ல மனிதர். "நீங்கள் கேட்டதைத்தான் நான் செய்வேன், யாரும் சோதனை செய்யச் சொல்லிக் கேட்பதில்லையே" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அடுத்த பயணத்தில் சுமையை 2750 கிலோவில் நிறுத்தினான். அதே வளைவில் மூன்றாம் கியரில், முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறியதாகத் தொலைபேசியில் சொன்னான். புகை இல்லை. குறைந்த சுமைக்கு ஈடாகச் சில நாள் இரண்டு நடை போக வேண்டியிருக்கிறது. அதில் அவனுக்கு வருத்தம் உண்டு. அதை மறைத்து எழுத விரும்பவில்லை. ஆனால் 3400 கிலோவோடு அந்தப் பிரேக்கில் அவன் இத்தனை நாள் இறங்கி வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது. ஏறுவதற்கு வலு வேண்டும், இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். முன்னதற்கு மட்டும் எல்லோரும் செலவு செய்கிறார்கள்.

7. சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எஞ்சினையே மாற்றுவதானால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் பெற வேண்டும்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். புகைச் சோதனையில் பி.எஸ். 4-க்கு முந்திய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரைதான் அனுமதி. ஸ்க்ரூவைத் திருப்பிய வண்டி இதில் தேறுவது கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் தேடுவது இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான்.

8. செலவு செய்யும் வரிசை

சுருக்கமாக வரிசையைத் தருகிறேன். வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டலாம்.

அ. எடை பார், சுமையைச் சரி செய்.
ஆ. பிரேக், டயர்.
இ. காற்று ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஆயில், குழாய்கள்.
ஈ. டேப்பட், நாசில், பம்ப் டைமிங்.
உ. அழுத்தச் சோதனை. தேறவில்லை என்றால் ஓவர்ஹால் செய்வதா, வண்டியை விற்பதா என்று அங்கேயே முடிவு செய். இரண்டுக்கும் நடுவில் பணம் போடாதே.
ஊ. ரேடியேட்டர் சுத்தம், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட்.
எ. இவ்வளவும் செய்து ஒரு மாதம் ஓட்டு. பிறகும் வலு போதவில்லை என்றால், தயாரிப்பாளரே டர்போவோடு விற்ற வேறு வண்டியைப் பழைய விலைக்கு வாங்க முடியுமா என்று கணக்குப் பார். பெரும்பாலும் அதுதான் மலிவாக இருக்கும்.

9. பயிற்சி

1948 சி.சி. கொள்ளளவுள்ள, டர்போ இல்லாத டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் எத்தனை லிட்டர் காற்றை இழுக்கும்? நிரம்பும் திறன் 85 சதவீதம் என்று கொள்க. மேலே சொன்ன முறையில் அதன் வலுவையும் கணக்கிடுக. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். விடை: சுமார் 2484 லிட்டர், ஏறத்தாழ 32 கிலோவாட். புனேயில் அல்லாமல் வேறு ஊரில் இருப்பவர்கள் தங்கள் ஊர்க் காற்றின் எடையை வைத்துப் போட்டால் விடை சற்று மாறும். அப்படி மாறினால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

வண்டி சம்பந்தமாகச் சந்தேகம் உள்ளவர்கள் மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும்போது ஆர்.சி. புத்தகத்தையும், எடைமேடைச் சீட்டையும் கொண்டுவந்தால் உட்கார்ந்து பேசலாம். தொலைபேசியில் மட்டும் கேட்காதீர்கள். நான் பதில் சொல்வதில்லை.

தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை ஜூன் மாதம் தவணை தவறாமல் கட்டிவிட்டார்கள் என்று அந்தத் தம்பியின் தாயார் சொன்னார். அந்தப் பெண் எடுத்திருக்கும் பாடம் மெக்கானிக்கல். முதல் விடுமுறையில் அண்ணனின் வண்டிக்கு டேப்பட் இடைவெளி வைக்க அவளுக்குச் சொல்லித்தருவதாக ஏற்பாடு.